செத்த மாட்டில் எதைத் தேடினார்கள்?

இன்று கடையில் அமிலம் வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள், பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்கிறார்கள். அமில வீச்சுக்கு எதிரான வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. தேவையான கட்டுப்பாடுதான். ஆனால் அதற்கு அடிப்படையாக இருப்பது ஒரு பழைய சட்டம்: 1919ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம். அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் கொலை செய்வதற்கோ, மாடுகளுக்கு விஷம் வைப்பதற்கோ ஒரு நச்சுப்பொருள் அடிக்கடி பயன்படுவதாக அரசுக்குத் தோன்றினால், அந்த வட்டாரத்தில் அதை வைத்திருப்பதையே அரசு கட்டுப்படுத்தலாம் என்கிறது.

மனிதக் கொலையும் மாட்டுக்கு விஷம் வைப்பதும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. விற்றவரை மட்டுமல்ல, வைத்திருப்பவரையும் பிடிக்கலாம். யாருடைய வீட்டில் தேடுவதற்காக எழுதப்பட்ட வாக்கியம் இது? 1919இல் அதைப் படித்த எந்த வடநாட்டுக் காவல் அதிகாரிக்கும் பதில் தெரியும். சமார் குடியிருப்பில்.

மாட்டு நோய்ச் சட்டங்கள் என்றால் தடுப்பூசி, சோதனைச்சாவடி, மாட்டாஸ்பத்திரி என்று யாருக்கும் தீங்கில்லாத ஒரு துறையாகத்தான் நமக்குத் தெரிகிறது. அதன் வரலாற்றில் நம்முடைய இடம் என்ன என்று கேட்டால் வேறொரு கதை கிடைக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய மாடுகளைக் கொன்று குவித்த நோய் வெக்கை. ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்பார்கள். வடக்கே பல இடங்களில் அதை மாதா என்றே அழைத்தார்கள், மனிதருக்கு வரும் அம்மையைப் போல. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்க்குள் புண், பிறகு ரத்தம் கலந்த கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்துவிடும். புதிதாக நுழைந்த ஊரில் மந்தையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போகும். ஏர் பூட்ட மாடு இல்லாமல் போனால் அடுத்த போகம் இல்லை. அடுத்த போகம் இல்லையென்றால் முதலில் பட்டினி கிடப்பவர் நிலம் இல்லாத கூலிக்காரர். மாடு வைத்திருந்தவனுக்கு அது நட்டம், மாடே இல்லாத சேரிக்கோ அது பஞ்சம்.

1865இல் இதே நோய் பால்டிக் கடலோரத்திலிருந்து கப்பலில் வந்த மாடுகளோடு இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் அந்த நாடு லட்சக்கணக்கான மாடுகளை இழந்தது. ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் என்ன செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நோய் கண்ட மாட்டை வெட்டிப் புதைத்தார்கள். உடன் நின்ற மாடுகளையும் வெட்டினார்கள். தோலோடு சேர்த்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க உத்தரவிட்டார்கள். மாடுகள் ஊர் விட்டு ஊர் போவதைத் தடுத்தார்கள், சந்தைகளை மூடினார்கள், உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். 1867 வாக்கில் நோய் அடங்கியது.

அதே 1866இல் சென்னை மாகாணமும் தனக்கென்று ஒரு மாட்டு நோய்ச் சட்டம் இயற்றியது. பிறகு கல்கத்தாவிலிருந்து அரசு, ஹாலன் என்ற கால்நடை மருத்துவர் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தியது. இந்திய மாட்டுக் கொள்ளைநோய்கள் பற்றிய அந்தக் குழுவின் பெரிய அறிக்கை 1871இல் வெளிவந்தது. இங்கே மாடுகளைக் கொல்வது ஐரோப்பாவில் கொன்ற அதே வெக்கைதான் என்று அது உறுதியாகச் சொன்னது. ஆனாலும் இங்கிலாந்தில் செய்தது இங்கே நடக்கவில்லை. மாட்டை வெட்டினால் இந்துக்களின் மனம் புண்படும் என்பது ஒரு காரணம், இழப்பீடு கொடுக்கக் காசில்லை என்பது இன்னொரு காரணம். முதல் காரணம் உரக்கச் சொல்லப்பட்டது. இரண்டாவதுதான் பெரியது என்பது என் எண்ணம். நோய் இருந்தது, அறிக்கை இருந்தது, தடுக்கும் வழியும் ஓரளவு தெரிந்திருந்தது. செயல் மட்டும் இல்லை. செயல் இல்லாத இடத்தில் குற்றவாளியைத் தேடுவது அரசுகளுக்குப் பழகிய வேலை.

1871 என்ற ஆண்டை மறக்காதீர்கள். ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவர் குற்றவாளி என்று சொன்ன குற்றப்பரம்பரைச் சட்டம் வந்ததும் அந்த ஆண்டில்தான்.

குற்றவாளியைத் தேடும் வேலை அதற்கு முன்பே, 1850களிலேயே, வடமேற்கு மாகாணங்களில் தொடங்கிவிட்டது. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில், குறிப்பாக ஆசம்கர் பக்கம், மாடுகள் கொத்தாகச் சாகும்போதெல்லாம் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தோலுக்காகச் சமார்கள் மாடுகளுக்கு விஷம் வைக்கிறார்கள். வெள்ளைப் பாஷாணத்தைத் தீவனத்தில் கலக்கிறார்கள், அல்லது குன்றிமணியை அரைத்து ஊசிபோல் உருட்டிக் காயவைத்து மாட்டின் தோலுக்குள் குத்திவிடுகிறார்கள். மாவட்ட அறிக்கைகளில் இது திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. நார்மன் செவர்ஸ் என்ற மருத்துவர் எழுதிய, நீதிமன்றங்களும் காவல்துறையும் கையில் வைத்திருந்த சட்ட மருத்துவ நூலிலும் மாட்டுக்கு விஷம் வைப்பது இடம்பெற்றது. காவலருக்குப் பாடப்புத்தகமே தயாராகிவிட்டது.

இந்தக் கதையை ஆவணங்களிலிருந்து வெளியே எடுத்தவர்கள் வரலாற்றாசிரியர்கள் ராம்நாராயண் ராவத்தும் சௌரப் மிஸ்ராவும். சமார் என்றால் தோல் தொழிலாளி என்பதே பெருமளவு காலனிய அதிகாரிகளின் கட்டுமானம் என்பதை ராவத் காட்டுகிறார். மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் உழவர்களும் விவசாயக் கூலிகளும்தான். தோலைத் தொட்டே இராத ஒரு குடியானவரும் சாதிப் பெயரால் 'தோல்காரர்' ஆனார், தோல்காரர் என்பதால் 'விஷம் வைப்பவர்' ஆனார். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனை தலைமுறையாகப் பறையையே தொடாதவரையும் பறையடிப்பவர் என்று சொல்லும் ஊர் இது.

விஷம் வைத்த ஒருவர்கூட இல்லை என்று நான் வாதாடவில்லை. வறுமையும் தோலுக்கு நல்ல விலையும் சேர்ந்த இடத்தில் அப்படிச் சில நடந்திருக்கும். ஒரு வழக்கு ஒரு வழக்குதான். ஆனால் ஆயிரக்கணக்கில் மாடு செத்த இடத்தில், அந்தச் சாவுக்கெல்லாம் ஒரு சாதியைக் காரணமாக்கியது எப்படி என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்தவரை இதற்குப் பதில் ஒரு சின்ன அறிவியல் உண்மையில் இருக்கிறது. யாரும் அழுத்திச் சொல்லாத உண்மை.

1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பாஷாணத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையை வகுத்தார். வயிற்றில் இருந்து எடுத்ததை அமிலத்தோடும் துத்தநாகத்தோடும் சேர்த்து, வெளிவரும் வாயுவைக் கொளுத்தி, சுடருக்கு நேரே குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், பாஷாணம் இருந்தால் அதில் கருப்பாகப் பளபளக்கும் ஒரு படலம் ஒட்டும். மிகச் சிறிய அளவையும் அது காட்டிக்கொடுக்கும். 1849இல் சென்னையில் அரசு இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் தொடங்கியது. பிறகு கல்கத்தா, ஆக்ரா போன்ற இடங்களிலும் பரிசோதகர்கள் வந்தார்கள். ஆக, செத்த மாட்டின் குடலை ஜாடியில் போட்டு முத்திரை வைத்து அனுப்பினால் அதில் பாஷாணம் இருக்கிறதா என்று சொல்ல ஓர் அரசு அலுவலகம் இருந்தது.

வெக்கையைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனையும் இல்லை. வடிகட்டியையும் கடந்துபோகும் ஒரு நுண்பொருள்தான் அந்த நோயை உண்டாக்குகிறது என்று கான்ஸ்டாண்டிநோபிளில் நிக்கோலும் அதில் பேயும் காட்டியதே 1902இல்தான். அதுவரை அறிகுறியைப் பார்த்துச் சொல்வது மட்டுமே வழி. அறிகுறிகளோ குழப்பமானவை. பாஷாணம் தின்ற மாட்டுக்கும் குடல் வெந்து ரத்தக் கழிச்சல் போகும், வெக்கை வந்த மாட்டுக்கும் அப்படியே. அடைப்பான் வந்தால் காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலையில் மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் ஒழுகச் செத்துக் கிடக்கும். பார்ப்பவர் யாரானாலும் விஷம் என்றுதான் நினைப்பார்கள். மழைக்காலத்தில் வரும் தொண்டை அடைப்பான் ஒரே நாளில் முடித்துவிடும்.

இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். அரசிடம் ஒரே ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. அந்தக் கருவி ஒரே ஒரு பதிலைத்தான் தரும். பாஷாணம் உண்டு என்றால் சமார் குற்றவாளி. பாஷாணம் இல்லை என்றால் 'கண்டுபிடிக்க முடியாத விஷம்', அதாவது குன்றிமணி. குன்றிமணியின் நஞ்சை அந்தக் காலத்து வேதியியலால் கண்டுபிடிக்க முடியாது, தோலுக்குள் ஊசி அகப்பட்டால்தான் உண்டு. 'இது நோய், யாரும் குற்றவாளி இல்லை' என்று சொல்லக்கூடிய சோதனை மட்டும் அரசிடம் இல்லை. கையில் சுத்தியல் மட்டும் இருப்பவனுக்குக் கண்டதெல்லாம் ஆணிதான். இங்கே ஆணி நம்முடைய தலை.

இன்னொன்று. ஏற்றுமதித் தோல் கெடாமல், பூச்சி அரிக்காமல் இருக்கப் பாஷாணக் கரைசலில் நனைத்துக் காயவைப்பது வங்காளத்திலும் வடக்கிலும் தோல் வணிகத்தின் வழக்கமான முறை. 'பாஷாணமிட்ட உலர்தோல்' என்று அதற்குச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. ஐரோப்பிய ஏற்றுமதிக் கம்பெனியின் கிடங்கில் அதே பாஷாணம் பீப்பாய் பீப்பாயாக இருந்தால் அது வணிகம். தோல் உரிப்பவரின் குடிசையில் ஒரு பொட்டலம் இருந்தால் அது தடயம். 1904இல் வந்த முதல் நச்சுப்பொருள் சட்டமும் 1919இல் வந்த அடுத்ததும் இந்த வேறுபாட்டின் மேல்தான் எழுந்தன.

அப்போது தோலின் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு எந்திரப் பட்டையும் காலணியும் குதிரைச் சேணமும் வேண்டியிருந்தன. நம் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. 1876-78 பெரும் பஞ்சத்தில் மாடுகள் விழ விழ, தோல் ஏற்றுமதி உயர்ந்தது. செத்த மாடு ஊராருக்குத் தீட்டு, உரிப்பவருக்குக் கூலி என்றிருந்த நிலை மாறி அது காசு என்று ஆனபோது, அந்தக் காசு யாருக்கு என்ற சண்டையும் வந்தது. ஜமீன்தாருக்கு ஆண்டுதோறும் செருப்பும் தோலும் இலவசமாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வடக்கே பல இடங்களில் இருந்தது. தோலை வெளியே விற்கத் தொடங்கிய சமார் மீது 'விஷம் வைத்தான்' என்ற புகார் எவ்வளவு வசதியான ஆயுதம் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையில் வெக்கை எப்படிப் பரவுகிறது? இந்தக் கேள்விக்குப் பிற்கால அறிவியல் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. அந்த வைரஸ் மிக மெலிந்தது. வெயிலும் காய்ச்சலும் தாங்காது. அழுகும் உடலில் ஓரிரு நாளுக்கு மேல் நிலைக்காது. நோயுள்ள மாடு நல்ல மாட்டின் அருகில் நின்று மூச்சுவிட்டால்தான் பெரும்பாலும் தொற்றும். வெயிலில் காய்ந்த தோல் அதைச் சுமந்து போகாது. அதைச் சுமந்தது உயிருள்ள மாடு: படைக்குச் சாமான் இழுத்த மாடு, சந்தைக்குச் சந்தை ஓட்டிப்போன மாடு, கப்பலில் ஏறிய மாடு. 1880களின் இறுதியில் இத்தாலியப் படைக்காக மசாவா துறைமுகத்துக்கு வந்த மாடுகளோடு வெக்கை ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அவை இந்தியாவிலிருந்து போனவை என்பதுதான் பரவலான கருத்து. எத்தியோப்பியாவில் பெரும்பஞ்சம் வந்தது, பத்தே ஆண்டுகளில் நோய் தென்முனைவரை இறங்கியது. மாட்டை உயிரோடு நகர்த்தியவர்கள் படைகளும் வணிகர்களும். செத்த பிறகு இழுத்துப் போனவர் மீது பழி.

தோல் தொடுபவருக்கு உண்மையிலேயே ஆபத்தான நோய் ஒன்று உண்டு. அது அடைப்பான். அதன் வித்துகள் மண்ணிலும் தோலிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். செத்த மாட்டை அறுத்தவரின் கையில் கருப்புக் கொப்புளமாக வரும், மூச்சில் போனால் ஆளையே முடிக்கும். அந்த ஆபத்து முழுக்க அறுப்பவருக்குத்தான். சட்டமோ அவரைக் காக்கப்பட வேண்டியவராகப் பார்க்கவில்லை, கண்காணிக்கப்பட வேண்டியவராகப் பார்த்தது. நம் மக்கள் எத்தனை பேர் அடைப்பானில் செத்தார்கள் என்று மாவட்ட அறிக்கைகளில் தேடினால் மாடுகளின் எண்ணிக்கைதான் கிடைக்கிறது.

அறிவியல் மெல்ல வளர்ந்தது. 1889இல் புனேயில் அரசு நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஆல்ஃபிரட் லிங்கார்டு தலைமையில் தொடங்கியது. 1893இல் நோய்க்கிருமி ஊர்ப்பக்கம் பரவக்கூடாது என்று இமயமலையின் முக்தேசருக்கு இடம் மாறியது. 1920களில் அங்கேதான் எட்வர்ட்ஸ் வெக்கைக் கிருமியை ஆடுகளில் திரும்பத் திரும்பச் செலுத்தி வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கினார். விடுதலைக்குப் பின் 1954இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பல பத்தாண்டுகள் ஊர் ஊராக ஊசி போட்டார்கள். நம் அரசுகள் செய்த உருப்படியான வேலைகளில் இதுவும் ஒன்று, அதை மறைக்க வேண்டியதில்லை.

கடைசிக் கட்டம்தான் சுவாரசியமானது. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும், நோய் வந்து பிழைத்த மாட்டிலும் இருக்கும். சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனவே நோய் இல்லை என்று நிரூபிக்க முதலில் ஊசியை நிறுத்த வேண்டும். பிறகு ஊசி படாத இளங்கன்றுகளின் ரத்தத்தை எடுத்து எலிசா முறையில் பார்க்க வேண்டும். ஊர் ஊராகவும் மாடு ஓட்டும் பாதை நெடுகவும் தேட வேண்டும், மாட்டாஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். 1992இல் தொடங்கிய தேசியத் திட்டம் இதைச் செய்தது. நாட்டில் கடைசியாக வெக்கை கண்டது 1995இல், நம் தமிழ்நாட்டில். 2006இல் இந்தியா வெக்கைத் தொற்று அற்ற நாடு என்று உலக விலங்கு நல அமைப்பு ஏற்றது. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது.

'இது நோய்தான்' என்று சொல்லும் சோதனை கடைசியில் வந்து சேர்ந்தது. அதற்குள் விஷம் வைப்பவர் என்ற சொல் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டது. சோதனையால் நோய் விடுவிக்கப்பட்டது, சாதி விடுவிக்கப்படவில்லை.

2002 அக்டோபரில் ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில், துலினா காவல் சாவடியில், ஐந்து தலித்துகளைக் கும்பல் அடித்துக் கொன்றது. பசுவைக் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் தோல் வணிகத்தில் இருந்தவர்கள். பிறகு என்ன நடந்தது? செத்த பசுவைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பசு எப்போது செத்தது, உரிக்கும்போது உயிரோடு இருந்ததா என்று அறிவியல் சொல்ல வேண்டுமாம். கொல்லப்பட்டவர்கள் மீதே பசுவதைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2015இல் தாத்ரியில் ஒரு முஸ்லிம் பெரியவரைக் கொன்ற பிறகு அவர் வீட்டு இறைச்சியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பரிசோதனையின் விடை எதுவானாலும் செத்தவர் மீண்டு வரப்போவதில்லை. ஆனால் பரிசோதனைக்கு அனுப்பிய அந்தச் செயலே, 'விடை வேறாக இருந்தால் கொன்றது சரி' என்று சொல்லிவிடுகிறது. ஆசம்கர் ஜாடியும் ஜஜ்ஜர் பிரேதப் பரிசோதனையும் ஒரே குடும்பம்.

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு குஜராத் தலித்துகள் செய்ததைத்தான் நான் இந்தக் கதையின் முக்கிய இடமாக நினைக்கிறேன். சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்கள் அம்மாவை நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். ஊர் ஊராகச் செத்த மாடு எடுப்பதை நிறுத்தினார்கள்.

இது புதிதல்ல. 1927 மார்ச் மாதம் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியை விட்டுவிடுங்கள் என்று மக்களைக் கேட்டார். சாதி இந்துக்கள் தங்கள் செத்த மாடுகளைத் தாங்களே புதைக்க வேண்டும் என்றும் அந்த மாநாடு தீர்மானித்தது. செத்த மாட்டை விட்டால் தோல், கொம்பு, எலும்பு என்று எவ்வளவு வருமானம் போகிறது தெரியுமா என்று ஆதிக்கச் சாதியினர் கணக்குப் போட்டு எழுதினார்கள். அப்படியானால் அந்த லாபத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன் என்பதுதான் பாபாசாகேப் சொன்ன பதில். அந்த அழைப்பை ஏற்றுக் கயிற்றோடு வந்தவர் யாரும் இல்லை.

இனி நடப்புச் சட்டத்துக்கு வருவோம். 2009இல் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. நோய் என்று ஐயம் வந்தால் மாட்டை வைத்திருப்பவர் ஊர் அதிகாரியிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். நோயுள்ள மாட்டைத் தனியே கட்ட வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நோய்ப் பகுதி என்று அறிவித்தால் சந்தை நிற்கும், மாடு நகராது, தோலும் வெளியே போகாது. செத்த மாட்டைத் திறந்து பரிசோதிக்கவும், புதைத்திருந்தால் தோண்டி எடுக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. உடலை விதிப்படி அகற்ற வேண்டும்.

அறிவியலாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத சட்டம். ஆனால் அதன் வினைச்சொற்களைக் கவனியுங்கள். அகற்றப்பட வேண்டும், புதைக்கப்பட வேண்டும், தோண்டி எடுக்கப்படலாம். யாரால்? உரிமையாளருக்கு அதில் கடமை இருக்கிறது, மருத்துவருக்கு அதிகாரம் இருக்கிறது, மண்வெட்டி பிடிப்பவருக்கு மட்டும் பெயரே இல்லை. பெயர் எழுதாவிட்டாலும் ஊருக்கு யார் என்று தெரியும். முன்பு, 'ஏய், மாடு செத்துக் கிடக்கு, வந்து இழுத்துட்டுப் போ' என்றார்கள். இப்போது, 'கொஞ்சம் வந்து எடுத்துட்டுப் போயிடுப்பா' என்கிறார்கள்.

2022இல் தோல் கழலை நோய் வந்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. 2019இல் ஒடிசாவில் முதலில் தென்பட்ட அந்த வைரஸ் மூன்று ஆண்டில் குஜராத், ராஜஸ்தான் மேய்ச்சல் நிலங்களை நிரப்பியது. நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்தன. கொசுவும் ஈயும் உண்ணியும் பரப்பும் நோய் அது, மனிதருக்குத் தொற்றாது. தோலில் உள்ள கழலையின் மாதிரியை எடுத்து பி.சி.ஆர். முறையில் உறுதி செய்தார்கள். வெக்கையைப் போலன்றி இந்த வைரஸ் காற்றில் உலர்ந்த தோலில் 18 நாள்வரைகூட நிலைக்கும். எனவே இந்த முறை தோல் மீதான கட்டுப்பாட்டுக்கு நியாயம் உண்டு. ஆனால் தோலை விற்கக் கூடாது என்றால் தோலில் வாழ்ந்தவருக்கு என்ன? உரிமையாளரின் இழப்பைப் பற்றி நாடாளுமன்றம்வரை பேச்சு நடந்தது. நான் பார்த்த அரசு அறிக்கைகளில் நோயுற்ற மாடு, செத்த மாடு, ஊசி போட்ட மாடு என்று பட்டியல் இருந்தது. புதைத்தவருக்குக் கட்டம் இல்லை. கையுறை கொடுத்தார்களா, கூலி எவ்வளவு, அந்த மாட்டில் அடைப்பான் இல்லை என்று முன்பே யாராவது பார்த்தார்களா என்று எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.

நம் கையில் வேறு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. கால்நடைத் துறை சுற்றறிக்கைகளில் இவற்றை நான் பார்த்ததில்லை, எனவே இங்கே எழுதிவைக்கிறேன். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976 திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவு: தீண்டாமையின் பேரில் ஒருவரைச் செத்த மாட்டை அகற்றவோ தோல் உரிக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றம், மூன்று முதல் ஆறு மாதம்வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள 3(1)(i): பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத ஒருவர், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மனிதப் பிணத்தையோ விலங்கின் உடலையோ அகற்றவோ சுமக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. இரண்டாவதில் 'தீண்டாமையின் பேரில்' என்ற நிபந்தனைகூட இல்லை.

ஊரில் மாடு செத்து அழைப்பு வந்தால், முதலில் மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேளுங்கள். கால்நடை மருத்துவர் பார்க்காமல் மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வடிந்த மாட்டைத் தொடாதீர்கள், யாரையும் அறுக்க விடாதீர்கள். அகற்றச் சொல்பவர் ஊராட்சி அலுவலரோ வி.ஏ.ஓ.வோ யாரானாலும், யாருடைய மாடு, யாரை எடுக்கச் சொல்கிறார், என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், மறுத்த நாளையும் நேரத்தையும் அங்கே இருந்தவர்களின் பெயரையும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.